வீட்டுக் கடன் முடியும்வரை கிராமத்து வாழ்க்கையைத் தள்ளிப்போடுவதா?

தொட்டிச்செடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கடன், தோட்டம், என்றாவது கிராமத்தில் குடியேற வேண்டும் என்ற எண்ணம் ஆகிய மூன்றும் எங்கள் வீட்டில் ஒரே வரவு செலவுக்குள் முட்டிக்கொண்டிருப்பதால், தனித்தனியாகக் கேட்காமல் ஒரே கேள்வியாக முன்வைக்கிறேன்.

ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டியில், இருபது ஆண்டுத் தவணைக்குக் கடன் வாங்கி இந்த வீட்டை வாங்கினோம். ஏழு ஆண்டு முடிந்துவிட்டது; ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனால் அண்மையில் வந்த கணக்கு அறிக்கையைப் பார்த்தபோது, இத்தனை காலம் கட்டியும் அசலில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்பது தெரிந்தது. இன்னும் பதின்மூன்று ஆண்டு இருக்கின்றன. அதுவரை காத்திருந்தால் மண்வெட்டி பிடிக்கும் வயது தாண்டிவிடுமோ என்ற கவலை எனக்கு. கடனோடு வேலையை விட்டுப் போனால் வீடே கைவிட்டுப் போகுமே என்ற கவலை என் கணவருக்கு. இரண்டுமே நியாயமாகத்தான் படுகின்றன.

வீட்டின் பின்புறம் சிறிய நிலத்திலும் மொட்டை மாடியில் தொட்டிகளிலும் கீரை, தக்காளி, மிளகாய், வெண்டை வளர்க்கிறேன். தோட்டம் எனக்கு மன ஆறுதல் தருகிறது என்பது உண்மை. ஆனால் தொட்டி, மண்கலவை, விதை என்று மாதந்தோறும் ஒரு தொகை அதற்கும் போகிறது. தவணையும் குடும்பச் செலவும் போக மீதமாகும் பணம் பெரிதல்ல. அதைக் கடனில் கூடுதலாகக் கட்டுவதா, பின்னாளில் நிலம் வாங்கச் சேர்ப்பதா, அல்லது இப்போதே எங்காவது ஒரு துண்டு நிலத்தை வாங்கிப் போடுவதா? தோட்டச் செலவை நிறுத்த வேண்டுமா? இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவர்கள் தங்கள் கணக்கைச் சொன்னால் உதவியாக இருக்கும். ‘மனம் சொல்வதைக் கேளுங்கள்’ என்ற வகை அறிவுரை வேண்டாம். என் மனம் எப்போதும் நிலத்தின் பக்கம்தான் சொல்லும்.

வட்டிக்கணக்கு

வணக்கம் அம்மா. உங்கள் அறிக்கையில் பிழை எதுவும் இல்லை. சமத் தவணைக் கடனில் ஒவ்வொரு மாதமும் அன்றைய நிலுவைக்கு உரிய வட்டி முதலில் எடுக்கப்பட்டு, மிஞ்சுவது மட்டுமே அசலில் கழிக்கப்படுகிறது. நீங்கள் சொன்ன விகிதத்திலும் காலத்திலும் பார்த்தால், முதல் தவணையில் நூற்றுக்கு ஏறக்குறைய 82 பங்கு வட்டிக்கே போய்விடும். ஏழாம் ஆண்டு முடிவில் அசலில் சுமார் 18 சதவீதம்தான் குறைந்திருக்கும். பத்தாம் ஆண்டு முடிவில், அதாவது பாதிக் காலம் கடந்த பிறகும், 70 சதவீதம் நிலுவையில் நிற்கும். இன்று நீங்கள் கட்டும் தவணையிலும் மூன்றில் இரண்டு பங்கு வட்டிதான்.

இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். தவணைக்கு மேல் கட்டும் ஒவ்வொரு தொகையும், வட்டிக்குப் பங்கு கொடுக்காமல், முழுவதுமாக அசலில் இறங்குகிறது. இன்றைய நிலுவையில் பத்தில் ஒரு பங்கை ஒரே தடவையாகக் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் வைத்துக்கொண்டால், கடன் சுமார் 26 மாதம் முன்னதாக முடியும். அதே தொகையைக் கட்டிவிட்டுக் காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைத்துக்கொண்டால், மாதச் சுமை பத்தில் ஒரு பங்கு இறங்கும். ஆனால் மிச்சமாகும் வட்டி, முதல் வழியில் மிச்சமாவதில் பாதியைக்கூடத் தொடாது. ஆகவே கூடுதலாகக் கட்டும்போது ‘காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுத்து மூலம் கேட்டு, திருத்திய தவணை அட்டவணையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் எந்த வழியில் வரவு வைப்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

பெருந்தொகை கையில் இல்லை என்றால், ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே இன்றைய நிலையிலிருந்து ஏறக்குறைய 20 மாதம் குறையும். இதைவிட வலுவான வழி, வருமானம் உயர உயரத் தவணையையும் ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்திக்கொண்டே போவது. இந்த ஆண்டே தொடங்கினால் பதின்மூன்று ஆண்டு ஏறக்குறைய ஒன்பதாகச் சுருங்கும். இதிலுள்ள சிக்கலையும் மறைக்க விரும்பவில்லை: கடைசி ஆண்டுகளில் தவணை இன்றையதைப் போல ஒன்றரை மடங்கு அளவுக்கு வந்து நிற்கும். சம்பளம் தேங்கிப்போனால் இந்த ஏற்பாடு கழுத்தை நெரிக்கும். எனவே ஒப்பந்தத் தவணையை உயர்த்தாமல், கூடுதல் தொகையை நீங்களாகவே தனியாகக் கட்டி வாருங்கள். ஒரு வருடம் முடியாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா, ஆண்டுக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்ற வரம்பு உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள். நிலையான வட்டிக் கடன்களில் இத்தகைய நிபந்தனைகள் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது, கடனில் கட்டுவதா நிலத்துக்குச் சேர்ப்பதா என்பது. கடனில் கட்டும் பணம் உங்களுக்கு 8.5 சதவீத வருவாய் ஈட்டுவதற்குச் சமம். அதில் ஏற்ற இறக்கம் கிடையாது. வட்டி விகிதம் மாறினால்தான் இந்த எண்ணும் மாறும். வரி போக அந்த அளவு உறுதியாகத் தரும் வேறு சேமிப்பு கிடைத்தால் அதில் போடுங்கள், கிடைப்பது அரிது. ஆனால் கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. ஆகையால் ஆறு மாதச் செலவையும் தவணையையும் தாங்கும் கையிருப்பைத் தனியாக வைத்த பின்னரே கூடுதலாகக் கட்டத் தொடங்குங்கள். கடன் அட்டை நிலுவையோ நகைக் கடனோ அதிக வட்டியில் இருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள்.

சில நிறுவனங்களில் வீட்டுக் கடனோடு இணைந்த சேமிப்புக் கணக்கு என்று ஒரு வகை உண்டு. அதில் போட்டு வைக்கும் தொகை நிலுவையிலிருந்து கழிக்கப்பட்டு, மீதிக்கு மட்டுமே வட்டி போடப்படும். தேவைப்பட்டால் பணத்தை எடுத்துக்கொள்ளவும் முடியும். நிலத்துக்கென்று சேர்க்கும் பணத்தை அதில் நிறுத்தினால், நல்ல நிலம் அமையும்வரை அது வட்டியையும் குறைத்துக்கொண்டிருக்கும். இத்தகைய கணக்குக்கு வட்டி விகிதம் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். கையில் நிற்கும் தொகை மிகச் சிறியதானால் அந்தக் கூடுதலே ஆதாயத்தைத் தின்றுவிடும். கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

மண்புழு

கடன் கணக்கை ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். தோட்டச் செலவை நிறுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன்.

நிறுத்த வேண்டாம், ஆனால் தோட்டத்தில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களில் செலவு விதையில் இல்லை. மூட்டையில் வாங்கும் மண்கலவையிலும் அலங்காரத் தொட்டிகளிலும்தான் இருக்கிறது. மண்கலவைக்கு மாற்று உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. காய்கறிக் கழிவில் தழைச்சத்து மிகுதி. காய்ந்த இலையில் கரிச்சத்து மிகுதி. மட்கும் குவியலில் கரிச்சத்தும் தழைச்சத்தும் ஏறக்குறைய 25 முதல் 30 பங்குக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் விரைவாக வேலை செய்யும். எடை போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்த இலை என்று அடுக்கினால் அந்த விகிதத்துக்கு அருகில் வந்துவிடும். நாற்றம் அடித்தால் இலையைக் கூட்டிக் கிளறிவிட வேண்டும். எதுவுமே நடக்காமல் கிடந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். குவியல் பாதிக்கும் கீழே வற்றிவிடும் என்பதால், நீங்கள் நினைப்பதைவிட அதிகமான இலை தேவைப்படும். ஆகவே இலை உதிரும் பருவத்தில் சாக்குகளில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியைப் பொறுத்தவரை செடிக்கு வேண்டியது ஆழம்; அழகு அல்ல. கீரைக்கு 15 சென்டிமீட்டர் போதும். தக்காளிக்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருந்தால் பழைய வாளியும் பெயின்ட் டப்பாவும் போதும். வெயிலையும் பாருங்கள். காய்க்கும் செடிகளுக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரை வகைகள் அதில் பாதியிலும் வளரும். வெயில் போதாத இடத்தில் தக்காளியை வைத்துவிட்டு உரத்தைக் கூட்டிக்கொண்டே போவது பணத்தைக் கரைக்கும் வழி.

விதையை நீங்களே எடுக்கலாம். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதால் அவற்றின் விதை தாயைப் போலவே முளைத்து வரும். ஆனால் கலப்பினம் என்று அச்சிட்ட உறையில் வாங்கிய செடியிலிருந்து விதை எடுத்தால், அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது. ஆகவே முதலில் நாட்டு விதையாகப் பார்த்து வாங்குங்கள். நன்கு உலர்த்தி, ஈரம் புகாத புட்டியில், குளிர்ந்த இருட்டான இடத்தில் வைத்தால் தக்காளி விதை நான்கு ஆண்டுவரைகூட முளைக்கும். வெங்காய விதை அப்படியல்ல. ஓரிரு ஆண்டில் வீரியம் இழந்துவிடும்.

தோட்டத்தில் விளைவதைக் கடைச் செலவில் கழித்து, கடனை அடைக்க வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கீரை, மிளகாய், மணமூட்டும் தழைகள் ஆகியவற்றில் ஓரளவு மிச்சம் உண்டு, ஏனென்றால் அவை சிறு இடத்தில் திரும்பத் திரும்பப் பறிக்கத் தருகின்றன. கிழங்கும் வெங்காயமும் இடத்தை அடைத்துக்கொண்டு, கடையில் மலிவாகக் கிடைப்பதையே தருகின்றன. உங்கள் தோட்டத்தின் உண்மையான பயன், நீங்கள் பின்னாளில் எவ்வளவு நிலத்தைத் தாங்குவீர்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுவதுதான். ஒரு குறிப்பேடு வையுங்கள். எத்தனை சதுர மீட்டரில் பயிர் செய்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை குடம் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், எத்தனை மணி நேரம் குனிந்து நிற்கிறீர்கள், பூச்சி வந்த மாதம் எது, வெளியூர் போனபோது யார் பார்த்துக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுதி வாருங்கள். ஓர் ஆண்டு எழுதினால், அரை ஏக்கர் வேண்டுமா, வீட்டைச் சுற்றிச் சிறு கொல்லை போதுமா என்பதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

தொட்டிச்செடி

இருவருக்கும் நன்றி. கணவரிடம் கடன் கணக்கைக் காட்டினேன். ஆண்டுக்கு 5 சதவீதம் என்ற யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது. கையிருப்பு எங்களிடம் மூன்று மாதச் செலவுக்குத்தான் இருக்கிறது. முதலில் அதை ஆறு மாதத்துக்கு உயர்த்துவதாக முடிவு செய்திருக்கிறோம். ஆனாலும் ஒரு சந்தேகம் விடவில்லை. மரங்கள் காய்க்க ஆண்டுக் கணக்கில் ஆகும் அல்லவா? இப்போதே சிறிது நிலம் வாங்கி மரக்கன்றுகளை நட்டுவிட்டால், கடன் முடிந்து நாங்கள் போகும்போது அவை காய்ப்புக்கு வந்திருக்கும். நிலத்துக்குக் காத்திருந்தால் மரத்துக்கும் அங்கே போய்க் காத்திருக்க வேண்டும். இந்த எண்ணத்தில் ஏதாவது தவறு இருக்கிறதா?

கரையோரம்

தவறு இல்லை, ஆனால் ஒரு பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஒட்டுக்கன்றாக நட்டால் பல பழ மரங்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் காய்க்கத் தொடங்கும்; விதையிலிருந்து வளர்த்தால் அதைவிட நெடுங்காலம் ஆகும். ஆகவே ஒன்பது ஆண்டு முன்னதாக நட வேண்டிய கட்டாயம் பெரும்பாலான மரங்களுக்கு இல்லை. மாறாக, கன்று வேர் பிடிக்கும் முதல் இரண்டு மூன்று கோடைகளில் யாராவது அருகில் இருந்து தண்ணீர் விட வேண்டும், களையெடுக்க வேண்டும், ஆடு மாடு வாய் வைக்காமல் காக்க வேண்டும். ஆள் இல்லாத நிலத்தில் நட்ட கன்றுகளில் பெரும்பகுதி முதல் கோடையிலேயே போய்விடும். அதற்கு ஆள் வைத்தால் அது இன்னொரு மாதத் தவணை. வேலி, நில வரி, போக்குவரத்து ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். விலை கொடுத்ததோடு நிலத்தின் செலவு முடிவதில்லை.

நான் வாங்குவதற்கு முன் நிலம் தேடி அலைந்தபோது முதலில் தண்ணீரைத்தான் பார்த்தேன். வாங்க நினைப்பவர்கள் அனைவரும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் அது ஒரு லிட்டர். காய்கறிப் பயிருக்கு வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் தேவை என்று பொதுவாகக் கொள்வார்கள். வறண்ட காற்றும் கடும் வெயிலும் இருந்தால் இது உயரும். அப்படியானால் 100 சதுர மீட்டர் தோட்டத்துக்கு வாரத்துக்கு 2,500 லிட்டர் வேண்டும். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அது முழுவதும் காய்கறி போட்டால் வாரத்துக்கு ஒரு லட்சம் லிட்டர்! வீட்டுக் குழாயில் தொட்டிச் செடிக்கு ஊற்றிப் பழகியவர்களுக்கு இந்த எண் எளிதில் மனத்தில் நிற்காது. மண்புழு சொன்ன குறிப்பேட்டில் தண்ணீர்க் கணக்கு இருந்தால் உங்களுக்கு நிற்கும்.

கூரை மழைநீர் உதவும். ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழும். சிதறுவதும் முதல் அழுக்கு நீரும் போக ஐந்தில் நான்கு பங்கு தேறும். மேலே சொன்ன சிறு தோட்டத்தின் ஒரு வாரத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட அது வராது. சொட்டு நீரும், ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தடிப்பில் தழை மூடாக்கும் தேவையைக் கணிசமாகக் குறைக்கும். எனினும் கோடையின் கடைசியில் வற்றாத கிணறு அருகில் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நிலம் விற்பவர்கள் மழைக்குப் பிறகு, எல்லாம் பச்சையாக இருக்கும்போது கூப்பிடுவார்கள். நீங்கள் காய்ந்த மாதத்தில் ஒரு முறையும் அடைமழையில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். முதலாவதில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியும், இரண்டாவதில் வழி இருக்கிறதா என்று தெரியும்.

மண்ணைப் பார்க்கச் செலவே இல்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். அடுக்குகளின் தடிப்பைப் பார்த்தாலே மண்ணின் தன்மை விளங்கிவிடும். பிறகு 30 சென்டிமீட்டர் ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர்வரை இறங்கினால் நல்லது. மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே பழ மரம் நிற்காது. கார அமில நிலை, உப்பு ஆகியவற்றை மட்டும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கிணற்று நீருக்கும் சேர்த்துச் செய்யுங்கள், ஏனென்றால் உப்பு நீர் சில ஆண்டில் நல்ல மண்ணையும் கெடுத்துவிடும்.

ஆவண விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நிலத்துக்குப் போகும் பாதை இப்போது கண்ணுக்குத் தெரிகிறது என்பதும், அதில் போக உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பாதை உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். எல்லையை அளவையரை வைத்து அளந்து, அந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி உண்டா என்பதையும் உறுதி செய்த பிறகே பத்திரத்துக்குப் போங்கள். வெறும் நிலத்துக்குக் கடன் கிடைப்பது வீட்டுக் கடனைவிடக் கடினம்; கிடைத்தாலும் வட்டி பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். 8.5 சதவீதக் கடனை அடைக்க முடியாமல் இருக்கும்போது அதைவிட உயர்ந்த வட்டியில் இரண்டாவது கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வாடகைக்குடி

இங்கே எல்லோரும் நிலம் வாங்குவதையே பேசுகிறார்கள். கிராமத்தில் வாழ்வதற்கு நிலம் வாங்கித்தான் ஆக வேண்டுமா, அம்மா? நாங்கள் கடன் முடியாமலேயே கிராமத்துக்கு வந்தோம்; வந்தது வாடகை வீட்டுக்கு. எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டோம். வந்த வாடகையில் தவணையின் ஒரு பகுதி அடைந்தது. கிராமத்து வாடகை குறைவு என்பதால் மீதியைச் சமாளிக்க முடிந்தது. வீட்டுக் கொல்லையிலேயே பயிர் செய்தோம். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் விளைச்சலில் பங்கு என்ற பேச்சில் சிறிது இடமும் கொடுத்தார்.

இந்த வழிக்குச் சில முன்னேற்பாடுகள் தேவை. சொந்தக் குடியிருப்புக்கு என்று வாங்கிய கடனில், வீட்டை வாடகைக்கு விடக் கடன் கொடுத்தவரின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். வீட்டுக் காப்பீடும் சொந்தக் குடியிருப்புக்கு ஒரு விதமாகவும் வாடகைக்கு விட்டதற்கு வேறு விதமாகவும் இருக்கும்; சொல்லாமல் விட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களிலும் தவணை நிற்காது. ஆகவே வாடகை ஆண்டு முழுவதும் வரும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள். குறைந்தது ஒன்றிரண்டு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி வேலை. உங்களில் ஒருவராவது வீட்டிலிருந்தோ அருகிலிருந்தோ சம்பாதிக்க முடியுமா? அதற்கு விடை இல்லாதவரை, நிலத்திலிருந்து வரும் வருமானத்தில் தவணை கட்டும் எண்ணம் வேண்டவே வேண்டாம். விளைச்சல் பருவத்துக்கு ஏற்ப வரும். தவணை மாதந்தோறும் வரும். இணையத் தொடர்பு, மின்சாரம் எத்தனை மணி நேரம் தடைபடுகிறது, மருத்துவமனைக்கு இரவில் எப்படிப் போவது, பிள்ளைகள் இருந்தால் பள்ளி எங்கே என்பவற்றை எல்லாம் ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். வாங்கிய நிலத்தை அப்படி விட்டுவிட்டு வர முடியாது. விற்க நினைக்கும் நேரத்தில் வாங்க ஆள் இருக்க வேண்டுமே!

வட்டிக்கணக்கு

வாடகைக்குடி சொன்ன வழி எனக்குத் தோன்றாதது; கணக்கிலும் அது நிற்கிறது. ஒரு திருத்தம் மட்டும் சேர்க்கிறேன். வீட்டை வாடகைக்கு விட்ட பிறகு அதைப் பழுது பார்க்கும் செலவும் உங்களுடையதே. ஆகவே தவணைக்கும் வாடகைக்கும் இடையிலுள்ள பற்றாக்குறையோடு அதையும் கூட்டி, அந்தத் தொகையைச் சம்பளத்திலிருந்து தனியாக எடுத்து வைத்து ஒரு வருடம் இங்கேயே வாழ்ந்து பாருங்கள். அதைத் தாங்க முடிந்தால் கையிருப்பும் சேர்ந்துவிடும், சோதனையும் முடிந்துவிடும்.

நிலம் முன்கூட்டியே வேண்டும் என்ற எண்ணம் விடாவிட்டால், கடனில்லாமல் வாங்கக்கூடிய அளவுக்கு மட்டும், கரையோரம் சொன்ன சோதனைகளில் தேறியதை வாங்குங்கள். நான் என்றால் வாங்க மாட்டேன். கடன் பாதியாகும்வரை காத்திருப்பேன். ஆனால் இது கணக்கு மட்டும் தீர்க்கும் விஷயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தொட்டிச்செடி

வாடகைக்குப் போய்ப் பார்ப்பது என்பதை இருவரும் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டது எங்கள் வீட்டில் அரிதான நிகழ்ச்சி. கையிருப்பு நிறைந்ததும் பற்றாக்குறைத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்கப் போகிறோம். தோட்டக் குறிப்பேடு நேற்றே தொடங்கிவிட்டது. நிலம் இப்போதைக்கு இல்லை; ஒட்டுக்கன்று இரண்டைப் பெரிய தொட்டியில் வைத்து, போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். கடைசியாக ஒன்று: என்றாவது கடன் முழுவதும் அடைந்தால் கடைசித் தவணையோடு வேலை முடிந்துவிடுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

வட்டிக்கணக்கு

கடைசித் தவணை கட்டியதோடு முடியாது. நிலுவை எதுவும் இல்லை என்ற கடிதத்தை முத்திரையுடன் வாங்குங்கள். கடன் வாங்கும்போது ஒப்படைத்த மூல ஆவணங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். அதை இப்போதே தேடி எடுத்து வைத்து, திரும்பப் பெறும்போது தாள் தாளாகச் சரிபாருங்கள். அடமானம் பதிவு செய்யப்பட்டிருந்தால் அதை நீக்கியதையும் அதே பதிவேட்டில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் வீட்டை விற்கும்போது அது குறுக்கே நிற்கும். வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போகும் உத்தரவை ரத்து செய்யுங்கள். கடனோடு சேர்ந்து எடுத்த காப்பீட்டில் மீதிக் காலத்துக்குத் திரும்ப வர வேண்டிய தொகை உண்டா என்று கேளுங்கள். ஓரிரு மாதம் கழித்து உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் அந்தக் கணக்கு ‘முடிந்தது’ என்று காட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தொட்டியில் வைக்கும் ஒட்டுக்கன்று பற்றி மண்புழுதான் சொல்ல வேண்டும்.

மண்புழு

வைக்கலாம். எலுமிச்சை போன்ற சிறு மரமாகத் தேர்ந்தெடுங்கள். குறைந்தது 45 சென்டிமீட்டர் ஆழமும் அகலமும் உள்ள தொட்டி வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வெளியே எடுத்து, சுற்றிச் சுருண்ட வேரை வெட்டிவிட்டு, புது மண்ணில் வையுங்கள். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து வரும் தளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது மேலே உள்ள ஒட்டை அமுக்கிவிடும். பயணத்துக்கு முதல் நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈர மண் தூக்க முடியாத கனமாகிவிடும்.